கூடையில் வந்த பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வருவதில்லை. பட்டம் வாங்கியதும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள்.

தேவாலயத்துக்குப் பின்னால் மண் சரிந்த அன்று, அம்மா நற்கருணை அப்பம் வைக்கும் பெட்டியைத் தேயிலைக் கொழுந்துக் கூடையில் வைத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உபதேசியாரான நீங்கள் வாசலிலேயே கேட்டீர்களாம்: "பெட்டியத் தொட்ட ஊசாவுக்கு என்னா நடந்துச்சின்னு தெரியாதா?"

"மழைய நிக்கச் சொல்லிட்டு ஒங்களத் தேடி வந்திருக்கணுமா?" என்றாராம் அம்மா. என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் ஆராதனைக்கு வருவதில்லை. "கொழுந்துக் கறை புடிச்ச கை" என்கிறார்.

இங்கே பண்டாரவளை அறையில் வேதாகமத்தில் ஊசாவின் கதை வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வண்டி மாடுகள் இடறியபோது கடவுளின் உடன்படிக்கைப் பெட்டியைப் பிடித்த ஊசா செத்துப்போனான். பிரசங்கத்தில் நீங்கள் எப்போதும் அதோடு நிறுத்திவிடுவீர்கள். பிறகு ராஜாவே பயந்துபோய், பெட்டியை ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில் விட்டுவிடுகிறார். அது இருந்த மூன்று மாதமும் அந்த வீடு ஆசீர்வாதமாக இருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது ராஜா பெட்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனார்.

தேவாலயம் திருத்தி முடியும்வரை பெட்டி நம் அலமாரியின் மேல்தானே இருக்கிறது. அந்தப் பக்கம் அம்மா காலை நீட்டிப் படுப்பதுகூட இல்லையாம். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத் திறப்பு என்று கேள்விப்பட்டேன். பெட்டியை அம்மாவே அந்தக் கூடையில் கொண்டுவரட்டும், அப்பா. நீங்கள் ராஜாவைப் போல ஆட வேண்டாம். அம்மாவுக்கு முன்னால் நடந்து வந்தால் போதும்.

உங்கள் மகள்