சுத்தம் என்று எழுதினேன்

மார்ச் 4
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் சோதனை மையத்தில், ஆட்கள் கொண்டுவரும் போதை மாத்திரைகளில் என்ன சரக்கு என்று பார்க்கும் சொட்டு மருந்து மேசையில் இருந்தது. அறையில் யாரும் இல்லை. டீக்குப் போடும் சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. எந்தப் பாவி கலந்தானோ என்று பயந்து டப்பாவோடு குப்பையில் கொட்டினேன். சோதனைக்காரப் பெண் சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். அதில் அமிலமாம், சர்க்கரையைக் கருக்கத்தான் செய்யுமாம். சாயங்காலம் எல்லோருக்கும் வெறும் டீ. என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மார்ச் 9
தம்பி வந்தான். நாற்பதைத் தொட்டும் சனிக்கிழமை ராத்திரி மாத்திரை போட்டு ஆடுகிற ஆட்டம் அடங்கவில்லை. நான் மையத்தில் தரை துடைக்கிறவள். அவன் கூட்டாளிகளுக்கோ நான் பெரிய டாக்டராம். “உன் மூஞ்சிய சோதிச்சா என்ன நிறம் வரும்னு பாக்கணும்டா” என்றேன். அவனே ஒரு சொட்டுப் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறான். மாத்திரையை எங்களிடமே கொண்டு வாயேன் என்றால், உனக்குத்தான் அசிங்கம் என்கிறான்.

மார்ச் 10
வந்தவர்களுக்கு அந்தப் பெண் சொல்வதைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். நிறம் வந்தால் அந்தச் சரக்கு அதில் இருக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு என்று சொல்லாது. கூட வேறென்ன ஒளிந்திருக்கிறது என்றும் சொல்லாது. கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14
பஸ்ஸில் நிற்கும்போது தம்பியிடமிருந்து போட்டோ. வெள்ளைத் தட்டில் கரிக்கறுப்பாய் ஒரு சொட்டு. ‘எப்படி?’ என்று கேட்டிருந்தான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். ‘சுத்தம்’ என்று அனுப்பினேன். நீ உருப்பட்டாப்லதான் என்று நான் செய்த கிண்டல். மற்றதைப் பேசலாம் என்று வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆட்டத்தில் இருப்பான்.

மார்ச் 15
தம்பி போய்விட்டான்.

மார்ச் 19
அவன் கூட்டாளி வாசலில் நின்று அழுதான். “எங்கக்காவே சுத்தம்னு சொல்லிடுச்சுன்னு போனைக் காட்டினான்க்கா. அதான் ரெண்டு மாத்திரை போட்டான்.”

நான் அதையா சொன்னேன்? சட்டை கிழிந்து வந்தால் சுத்தம். வேலையை விட்டு வந்தால் சுத்தம். காலமெல்லாம் அவனைப் பாத்து சொன்னதுதானே. அப்பல்லாம் புரிஞ்சுதே உனக்கு. வாயால் சொன்னால் இழுத்துச் சொல்வேன். எழுத்தில் எப்படிடா இழுக்கிறது? எனக்கு எழுத்தே தகராறு —

மார்ச் 20
ஒன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 27
வேலைக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன். நீங்க எழுதாட்டியும் போட்டிருப்பாருக்கா என்றாள். இருக்கலாம். ஒன்றோடு நிறுத்தியிருப்பான்.

ஏப்ரல் 6
டை கட்டிய ஒரு ஆள் தட்டைப் பார்த்து, கறுப்பு வந்துடுச்சு, சூப்பர் சரக்கு என்றான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். “அது இருக்குன்னுதான் அர்த்தம் தம்பி. எவ்ளோ இருக்கு, கூட என்ன இருக்கு, அந்தச் சொட்டுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.” தம்பி என்று வாயில் வந்துவிட்டது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மீதியை அந்தப் பெண் சொன்னாள்.

ஏப்ரல் 12
துணிக்கடையில் அரைக்கைச் சட்டை மலிவாகக் கிடந்தது. அளவு கேட்கலாம் என்று தம்பியைக் கூப்பிட்டேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவன் போன். நான்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். திரையில் என் பேராக ‘வாயாடி’ என்று வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், எடுத்துப் பேசுங்களேன் என்றார். எடுத்தேன். காதுக்கொன்றாக இரண்டு போனையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இரண்டையும் வைத்துவிட்டேன். சட்டை வாங்கவில்லை.