முதல் தட்டின் வேகம்

1998 பிப்ரவரி 9, திங்கள்
லண்டன் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து கடிதம். எங்கள் பதினோரு சிங்கிள் தட்டுகளையும் ஒரே தொகுப்பாக வெளியிடப் போகிறார்கள். எங்கள் ரெயிலிங்ஸ் இசைக்குழு கலைந்து பதினாறு வருடம்! தபால் பையோடு விநியோகச் சுற்றுக்குப் போனேன். முப்பத்தொன்றாம் எண் வீட்டுக் கடிதத்தை முப்பத்து மூன்றில் போட்டுவிட்டு, கதவைத் தட்டிக் கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 12
ஒரு சிக்கல். முதல் தட்டின் மூல ஒலிநாடா யாரிடமும் இல்லை. 1977இல் நாங்களே ஐந்நூறு பிரதி அச்சிட்டு, உறை மடித்து விற்றது. என் பிரதி தேய்ந்து இரைகிறது. மார்ச் 2க்குள் நாடா கிடைக்காவிட்டால் தொகுப்பு இரண்டாவது தட்டில் தொடங்கும்.

அது கூடாது. 'லெஸ்டர் நகரின் மிக வேகமான கை' என்று ஒரு பத்திரிகை என் டிரம்ஸைப் பற்றி எழுதியது அந்தத் தட்டைக் கேட்டுத்தான். துணுக்கு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

பிப்ரவரி 15
டெஸ்ஸிடம் இல்லை. குழுவில் பாடி, கிட்டாரும் வாசித்தவன்; எதையும் பத்திரப்படுத்தியதில்லை. பேஸ் கிட்டார் வாசித்த லொரெய்னைக் கேட்டேன். தெரியாது என்றாள். கேள்வியை முடிப்பதற்குள்ளேயே சொன்னாள். ஏன்?

பிப்ரவரி 21
கொட்டும் மழையில் லொரெய்ன் வந்தாள். கையில் பிஸ்கட் டப்பா, உள்ளே நாடா! கட்டிப்பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 24
ஒலிக்கூடம். பொறியாளர் ஹோவர்ட் நாடாவை ஓடவிட்டார். பாட்டு மெதுவாக வந்தது. இயந்திரத்தில் கோளாறோ? இல்லை. தட்டில் இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி ஓடும் பாட்டு, நாடாவில் இரண்டு ஐம்பத்தெட்டு.

கூட வந்திருந்த லொரெய்ன் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்: நாடாவிலிருந்து தட்டு வெட்டியவரிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னவள் அவள்தான். நாடாவைக் கேட்டபோது அவளுக்குத் தூக்கம் வந்ததாம். எங்களிடம் சொல்லாமல் செய்துவிட்டாள். தட்டைக் கேட்டு, நாம் இவ்வளவு வேகமா என்று நானும் டெஸ்ஸும் பூரித்துப்போனோம்.

“அப்புறம் நீ ஒரு வாரம் தலையணைய டிரம்ஸ் குச்சியால அடிச்சு அடிச்சு அந்த வேகத்தைப் பிடிச்சே. அதுக்கப்புறம் எப்படிடா சொல்றது?”

இருபத்தோரு வருஷமா மூடி வெச்சிருந்தா இவ! என் கைதான் என்று நினைத்தேனே — யாருடைய கை அது?

பிப்ரவரி 25
பர்ஸிலிருந்து துணுக்கை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 27
எந்த வேகத்தில் போடுவது என்று என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார் ஹோவர்ட். டெஸ்ஸை அழைத்தேன்.

“தட்டுல ஓடினது நீ இல்லடா. சரி. அடுத்த மாசம் மேடையில ஓடினது யாரு, உங்க அப்பனா? உன்னைத் துரத்திப் பாடியே எனக்குத் தொண்டை போச்சு.”

வெகுநேரம் சிரித்தேன். பிறகு லொரெய்னை அழைத்து, டப்பாவில் பிஸ்கட்டாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்றேன். அழுதாள், கழுதை.

மார்ச் 2
கடைசி நாள். ஹோவர்டிடம் சொல்லிவிட்டேன்: முதலில் தட்டின் வேகம். கடைசிப் பாட்டாக, நாடா எப்படி ஓடியதோ அப்படியே.

மே 11
தொகுப்பு வந்துவிட்டது! அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது சரணத்திலேயே தட்டு என்னை முந்திவிட்டது. ஜூன் 6, வெளியீட்டு விழாவில் மூவரும் மேடையேறுகிறோம்.

மாடியிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருக்கிறேன்.