தேங்காய் போடாத கீரைக் கூட்டு

வள்ளலார் துணை

நெய்வேலி
21-8-1966

அன்பு மகன் சிங்காரவேலுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, அரிசோனாவில் உனக்கும் ஒரு தலைவலிகூட வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்த வாரம் அப்பாவுக்குச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட், பகலில் தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் பின்வாசல் படியில் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே படித்தேன். நைட் ஷிப்ட் வந்துவிட்டால் இந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு டம்ளரைக்கூட நான் சத்தமாக வைப்பதில்லை. அவர் எழுந்து சாப்பிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிறகு நானும் சுவரும்தான். பக்கத்து வீட்டு நாகம்மாள் மதுரைப் பக்கத்துக்காரி, நல்ல மாதிரி, ஆனால் கைக்குழந்தைக்காரி, என்னோடு உட்கார அவளுக்கு நேரமேது. சில நாள் காய்காரி வந்து கூப்பிட்டு நான் பதில் சொல்லும்போது குரல் கம்மி வரும், அப்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று தெரியும். இதையெல்லாம் எழுதி உன்னைக் கலங்க வைக்கக் கூடாது, இருந்தாலும் வேறு யாரிடம் சொல்வேன்.

சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத நீ கீரையும் பயறும் சேர்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் மழைக்கு முளைக்கும் கீரையைப் பறித்து, வேகவைத்த புள்ளிப் பயறோடு கிண்டி, சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். சிவந்த தண்டு, தடித்த சின்ன இலை, தரையோடு படரும் என்றாயே, அது நம் பருப்புக்கீரைதானப்பா. இங்கே குழாயடியில் யாரும் சீண்டாமல் கிடக்கிறது. அவர்கள் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களாம், நீ மட்டும் எண்ணெய் ஊற்றுவாயாம், நம்பிக்கொள்கிறேன். ஒரு கூடை பறித்து வந்தேன். எதற்கென்று சொன்னதும் நாகம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்று, "என்னக்கா, பெத்த பிள்ளைகிட்டயா சமையல் படிக்கிறீக" என்று சிரித்தாள். புள்ளிப் பயறுக்கு எங்கே போவேன், காராமணியை ஊறவைத்துக் குழைய வேகவைத்தேன். வெங்காயமும் பூண்டும் வதக்கி, கீரையைப் போட்டு, வரமிளகாயைத் தட்டிப் போட்டு, பயறைப் பாதி மசித்துச் சேர்த்தேன். கை தேங்காய் மூடிக்குப் போய்ப் போய்த் திரும்பியது. நீ சாப்பிடுகிற ருசி எனக்குத் தெரிய வேண்டும் என்று போடாமலே இறக்கினேன். ரேஷனில் அரிசி குறைத்துவிட்டார்கள், சோள மாவில்தான் நானும் ரொட்டி தட்டினேன், ஓரமெல்லாம் விண்டுபோயிற்று.

அப்பாவுக்கு அன்று பகல் ஷிப்டாக மாறியிருந்தது. வந்து உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் போடச் சொன்னார், "இன்னா கூட்டு இது, புதுசா இருக்குதே, யார் சொல்லிக்குடுத்தது" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, நம்ம சிங்காரவேலு எழுதியிருந்தான் என்றேன். அவர் கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. படிப்பு முடிந்து ஊருக்கு வராமல் அங்கேயே செம்புச் சுரங்கத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவது உனக்கே தெரியும், நீ அனுப்பிய போட்டோவை நான் காட்டிய அன்று பாதிச் சோற்றில் எழுந்தவர்தானே. இன்றும் பட்டினி போட்டேனே என்று பதறினேன். எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவனே ஆக்கிக்கினு சாப்புடறானா" என்றார். ஆமாம் என்றேன். "கூட யாரும் இல்லையா" என்றார். இல்லை என்றேன். ஒரு பயறு விடாமல் வழித்துச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவர் கேட் வரை போய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். எதையோ மறந்துவிட்டார் என்று வெளியே வந்தேன். ரோட்டைப் பார்த்தபடியே, "அங்க சொரங்கம் நம்பளுது மாதிரி மேலேந்து தோண்டறதா, இல்ல பூமிக்குள்ள எறங்கிப் போறதா, கேட்டு எழுது" என்றார். எழுதுகிறேன் என்று நான் சொல்லும் வரை அவர் நகரவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து போவது வெறும் கோபம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேனடா. இந்த மனிதர் ஒவ்வொரு ஷிப்டிலும் மேலே கொட்டிக் கிடக்கும் மண்ணைப் பார்த்து, உன் தலைமேல் சரியுமோ என்று என்னென்ன நினைத்தாரோ, ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. ஒரே வீட்டில் அவரும் தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. நோயில்லாமல் நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும். சுரங்கத்தைப் பற்றி அவர் கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, மறக்காமல் கவர்மேல் அப்பா பெயரைப் போட்டு அவருக்கே எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பெரியநாயகி