தண்ணீர் கொடுக்காத ஞாயிற்றுக்கிழமை

திருவண்ணாமலை
10.9.2025

அன்புள்ள தம்பி தயாளனுக்கு,

ஸ்தோத்திரம். ஓசூரில் நீயும் சுகந்தியும் குழந்தை ஹெப்சியும் சுகமா? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவற்றைப் படித்திருந்தால் உனக்குக் காய்ச்சலே வந்திருக்கும்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அக்கா சம்மதிச்சுட்டாங்க" என்று ராணிப்பேட்டைக்காரர்களிடம் சொல்லி, பெண் பார்க்க அனுப்பியிருக்கிறாய். அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி அன்று! இந்த ஊரில் பிறந்தவன் காலண்டர் பார்க்க மாட்டாயா? பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை. மாப்பிள்ளை என்று நீ பார்த்த அந்த மனிதரும் அவருடைய அம்மாவும் கிரிவலக் கூட்டத்தோடு நாலு கிலோமீட்டர் நடந்து வந்து என் வாசலில் நின்றார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

வந்த விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரைக் கேட்டு வந்தீங்க? கால் வலிச்சா கிரிவலம் போறவங்களோட ரோட்டோரமா போய் உட்காருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நான் வேலை செய்கிற லேபுக்கு இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களே சொல்வார்கள்: "யூனிஸ் சிஸ்டர் ஊசி குத்தினா தெரியாது. வாயைத் திறந்தாதான் வலிக்கும்."

பேசிய பேச்சு தப்பு. முடிவு தப்பில்லை. நாற்பத்து மூன்று வயதாகிறது, எனக்குக் கல்யாணம் வேண்டாம். குடும்ப ஜெபத்தில் ஹெப்சி தினமும் "அத்தைக்கு நல்ல மாப்பிள்ளையைக் கொடுங்க ஆண்டவரே" என்று கேட்கிறாளாமே, அதையும் நிறுத்தச் சொல்.

கோபத்திலும் உனக்காக ஜெபிக்கிற,
அக்கா யூனிஸ்


ஓசூர்
15.9.2025

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சொன்னது பொய்தான். உன்னிடம் கேட்டிருந்தால் அவர்களை வாசல் வரைக்கும்கூட விட்டிருக்க மாட்டாய்.

அந்த அம்மா போனில் அழுதார்கள். "நாங்க ஏதோ பிச்சைக்கு வந்தா மாதிரி பேசிட்டாங்க தம்பி, ஒரு வாய் தண்ணிகூட குடுக்கல" என்றார்கள். நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். யார் முகத்தில் போய் விழிப்பேன்?

நம் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவைத் தனியா விட்டுடாதடா" என்றது உனக்குத் தெரியும். நான் சத்தியம் பண்ணினேன். ஒன்பது வருஷமாக அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. நாளைக்கு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

ராணிப்பேட்டைக்குப் போய் மன்னிப்புக் கேள். சம்மதமும் சொல். அதுவரை ஓசூருக்கு வராதே. கிறிஸ்மஸுக்கும்தான்.

தயாளன்


திருவண்ணாமலை
22.9.2025

அன்புள்ள தம்பி,

நீ "அன்புள்ள" போடவில்லை, கவனித்தேன். நான் போட்டிருக்கிறேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் நேரே பஸ் ஏறி ராணிப்பேட்டைக்குப் போனேன். கதவைத் திறந்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். குடித்தேன், தம்பி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. ஆனா கல்யாணம் எனக்கு வேணாம்" என்றேன்.

"வேணாம்னதுல எனக்கு வருத்தம் இல்லம்மா. தண்ணி குடுத்துட்டு அதைச் சொல்லியிருக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே நினைப்புதான். சாந்தமாக இருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், யாருக்காவது கட்டி வைத்துவிடுவார்கள் என்று பயந்துதான் இத்தனை வருஷம் முள்ளாகவே இருந்திருக்கிறேன். அந்தப் பயம் இனி வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இன்று லேபில் ஒரு பெரியவர் நாலு முறை ஒரே கேள்வியைக் கேட்டார். மூன்று முறை பொறுமையாகப் பதில் சொன்னேன். நாலாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடிகிறது.

முப்பது வயதில், கல்யாணம் ஆகவில்லையே என்று நான் அழுதது உண்மை. வரப்போகிறவருக்கென்று பூப்போட்ட தலையணை உறை ஒரு ஜோடி தைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். போன வருஷம் எடுத்து என் தலையணைக்கே போட்டுவிட்டேன். நன்றாகத் தூங்குகிறேன். காலையில் என் காபி, அப்புறம் வேலை, சனிக்கிழமை பாடகர் குழு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பயம் வருகிற அன்று ஜெபித்துக்கொள்கிறேன்.

ஆகவே, கத்தாமல் சொல்கிறேன்: வேண்டாம், தம்பி.

அம்மா "தனியா விட்டுடாதடா" என்றுதானே சொன்னார்கள்? கட்டிக் கொடு என்றா சொன்னார்கள்? கிறிஸ்மஸுக்கு வராதே என்று எழுதினாயே, இப்போது என்னைத் தனியாக விடுகிறது யார்?

நான் வருவேன். நீ கதவைச் சாத்தினால் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர் மட்டும் கொடு.

மாறாத பாசத்தோடு,
அக்கா யூனிஸ்


ஓசூர்
2.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனி பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் "கண்ணுல தூசியா சார்?" என்றான். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்.

ராணிப்பேட்டைக்குப் போன் பண்ணி, அக்கா சம்மதித்ததாகச் சொன்னது நான்தான், பொய்தான் என்று ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பிடித்துக் காய்ச்சினார்கள். உன்னை விசாரித்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே வா. காலண்டர் பார்த்துவிட்டேன், பௌர்ணமி இல்லை.

ஹெப்சியிடம், அத்தைக்கு மாப்பிள்ளை கேட்க வேண்டாம் என்று சொன்னேன். "அப்போ அத்தைக்கு இன்னா கேக்கறது?" என்றாள். இரண்டு நாள் உன் பெயரையே விட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்கால ஜெபத்தில் அவளாகவே, "ஆண்டவரே, எங்க அத்தை நல்லா இருக்காங்க, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு, ஆடுகிற தன் பல்லுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முடித்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்டதை அப்படியே விட்டுவிடுவது லேசில்லை, அக்கா. சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சியும் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள்.

ஒருவழியாக நானும் ஆமென் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
தயாளன்