மரியாதைக்குத் தூக்கிய கை

செவன் கிங்ஸ்
14.09.2025

அன்புள்ள வத்சலா,

நேற்றுப் பொதுக்கூட்டம் முடிந்து மோர்டனில் ரயில் ஏறினேன். வண்டி மாற மூர்கேட்டில் இறங்க மறந்து ஏஞ்சல் வரை போய்த் திரும்பி வந்தேன். போன் எடுத்தால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது உண்மைதானா? நம்முடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் இதுதானே வழக்கம்? தலைவர் பதவிக்கு முதலில் ஞானேஸ்வரன் அண்ணையை முன்மொழிவோம். பள்ளிக்கூடத்தைத் தொடக்கிய மனுசன் என்ற மரியாதைக்கு. எல்லோரும் கை தூக்குவோம். அவர் எழும்பி, "சந்தோசம், எனக்கு இனி ஏலாது, இளைய ஆக்கள் செய்யட்டும்" என்பார். கைதட்டுவோம். பிறகுதான் உண்மையான ஆளைத் தெரிவு செய்வோம். இந்த முறை நீ முதலில் அண்ணையைச் சொல்லி, அவர் மறுத்ததும் என்னைச் சொல்வதாகப் பேச்சு.

மனுசன் எழும்பி, "ஓம், செய்யிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்! ஐயோ கடவுளே! மண்டபம் முழுக்கத் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் முழித்தது. என் கையும் மேலேதான் இருந்தது, வத்சலா!

கட்டடம் தருகிற ஆங்கிலப் பள்ளி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒழுங்கான திட்டம் டிசம்பர் நத்தாருக்குள் வேண்டும் என்கிறது. இல்லையென்றால் வெளியே போ என்கிறது. அண்ணைக்கு ஈமெயில் திறக்கவே ஆள் வேண்டும். கிழமை நாட்களில் நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் பார்ப்பதே இந்தப் பிள்ளைப் பாதுகாப்பு வேலைதான். எனக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
நகுலேஸ்வரி

*

மோர்டன்
17.09.2025

அன்புள்ள நகுலக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் "ஓம்" என்றதும் கையில் இருந்த ரோல்ஸ் பலகாரத் தட்டைக் கீழே போடப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது மனுசனிடம் "அண்ணை, பகிடிக்குக் கேட்டனாங்கள்" என்று சொல்ல ஏலுமா?

பரவாயில்லை அக்கா, ஒரு வருடம்தானே. நீங்கள் சாப்பிடாமல் திரியாதீர்கள். சனிக்கிழமை உங்களுக்குப் பிடித்த பருப்பு வடை கொண்டு வருகிறேன். என் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் உங்களுக்கு ஒரு யானை கீறி வைத்திருக்கிறார்கள். காலைப் பார்த்து எண்ணாதீர்கள், ஆறு இருக்கிறது.

அன்புடன்,
வத்சலா

*

செவன் கிங்ஸ்
28.09.2025

வத்சலா,

நேற்று அண்ணையோடு பஸ்ஸுக்கு நின்றேன். "ஏன் அண்ணை ஒத்துக்கொண்டனீங்கள்?" என்று கேட்டேவிட்டேன். மனுசன் ஒளிக்கத் தெரியாதவர். சொன்னார்:

"வத்சலாப் பிள்ளைதான் கூட்டத்துக்குக் காரில ஏத்திக்கொண்டு வந்தது. வரேக்க, 'அண்ணை, இந்த முறை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, உங்களை விட்டா ஆர் இருக்கினம்' எண்டு ஒரே கெஞ்சல். நீரும் கை தூக்கினனீர்தானே? எல்லாருக்கும் விருப்பமாக்கும் எண்டு நினைச்சன்."

பஸ் வந்தது, போனது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

நீயா? என் வீட்டுச் சாவி வைத்திருக்கிற நீயா? எனக்கு ஆபரேஷன் நடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்த நீயா? வடை வேறு கொண்டுவந்தாயே! நான் இரண்டு சாப்பிட்டேனே!

ஏன் என்று மட்டும் எழுது.

நகுலேஸ்வரி

*

மோர்டன்
02.10.2025

நகுலக்கா,

ஏன் என்று கேட்கிறீர்கள். தேர்தலுக்கு முன் பெற்றோர் வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்டதை ஒருக்கால் திரும்ப வாசியுங்கள். "நான் தலைவரானால் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி இல்லாத எவரும் வகுப்பறையில் நிற்க முடியாது." எவரும் என்றால் யார் அக்கா? மற்ற எல்லோரும் பயிற்சி எடுத்தவர்கள். என் வகுப்பில் உதவிக்கு நிற்கிற ஷெறோனும் போன வருடம் எடுத்துவிட்டாள். மிச்சம் நான் ஒருத்திதான். அதை நீங்கள் யோசிக்கவே இல்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஜெர்மனியில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். இங்கே வந்து சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறேன். கிழமையில் ஒரே ஒரு நாள், இரண்டே மணித்தியாலம், பதினான்கு பிள்ளைகள் என்னை "ரீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். அதைப் பிடுங்க வருகிறவருக்கு நானே கை தூக்க வேண்டுமா? நீங்கள் என்றால் தூக்குவீர்களா?

செய்தது தவறு என்று தெரியும். ஆனால் நீங்கள் வென்றிருந்தால் என்னை நிறுத்தியிருப்பீர்களா, இல்லையா? அதற்குப் பதில் எழுதுங்கள்.

வத்சலா

*

செவன் கிங்ஸ்
19.10.2025

வத்சலா,

இரண்டு கிழமை இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். பதில்: ஓம், நிறுத்தியிருப்பேன்.

உன்னை மறந்து அதை எழுதவில்லை. எழுதும்போது உன் முகம்தான் வந்தது. கேட்டதும் நீ சிரித்துக்கொண்டு பயிற்சிக்கு வருவாய் என்று நானாக நினைத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து உன் காதில் ஏதாவது சொன்னால், அதை யாரிடம், எப்படிக் கொண்டுபோவது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்குப் பிள்ளைகளில் உயிர். அது மட்டும் போதாது.

இன்னொன்று. இதை வேறு ஆள் சொல்லி நீ அறியக்கூடாது. பாதுகாப்புத் திட்டத்தை எழுத ஏலாது என்று அண்ணை என்னிடமே தந்தார். எழுதினேன். அந்த விதியும் இருக்கிறது. அண்ணை வாசித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். நீ தெரிவு செய்த தலைவர்தான் போட்டார். வருகிற சனியில் இருந்து ஷெறோன் உன் வகுப்பை எடுப்பாள்.

பயிற்சி புதன்கிழமைகளில், ஆறு கிழமை. நான்தான் நடத்துகிறேன். உனக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். வா, வத்சலா.

நகுலேஸ்வரி

*

மோர்டன்
26.10.2025

அன்புள்ள நகுலக்கா,

கதிரை வேண்டாம். கவுன்சில் நடத்துகிற அதே பயிற்சிக்கு வியாழக்கிழமைகளில் பதிந்துவிட்டேன். கடையில் ஷிப்ட் மாற்றித் தந்தார்கள். முதல் நாள் போனேன். ஒரு பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். நான் எழுதியது முழுக்கப் பிழை. நீங்கள் சொன்னது சரி என்று அன்றைக்கு விளங்கியது. அதற்காக உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுச் சாவியை இதற்குள் வைத்திருக்கிறேன்.

தை மாதம் என் வகுப்புக்குத் திரும்பி வருவேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். அப்போது வழக்கம்போல முதலில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் இல்லையா? உங்கள் பெயரைத்தான் சொல்வேன். மரியாதைக்கு.

எழும்பி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வத்சலா ரீச்சர்