வேலியோரம் நின்ற மான்கள்

அன்பு மகன் தெமூலெனுக்கு, அம்மா உன் நெற்றியில் முத்தமிட்டு எழுதுவது. சியோலில் குளிர்காலம் உனக்குச் சுகமாகக் கழிகிறதா? நானும் அப்பாவும் நலம், ஆடுகளைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. மழை பெய்து உறைந்து அதன்மேல் பனியும் விழுந்துவிட்டது, குளம்பால் எவ்வளவு கிளறினாலும் புல் வருவதில்லை.

போன வாரம் வடக்கிலிருந்து மான்கூட்டம் இறங்கி வந்தது, கண்ணுக்கெட்டிய மட்டும் மான்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பனி குறைவு, புல் தெரிகிறது. பாதையின் இருபுறமும் கம்பி வேலி இருக்கிறதே, அதில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றன. அப்பா பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் வேலியை வெட்டக் குறடோடு கிளம்பினார், நானும் போனேன். பாதைக் காவலாளி சோயிஜில் ஓடி வந்து, "அண்ணே, என் வேலை போயிரும், ரயில்ல அடிபட்டா யார் பதில் சொல்றது?" என்று கெஞ்சினான். அப்பா, "நம்மளக் கேட்டுக்கிட்டா வேலி போட்டாங்கன்னு நீயும் நானும் வேணா சொல்லிக்கலாம்டா. அதுங்களுக்கு, மனுஷன் போட்டான், அவ்வளவுதான்" என்றார். அப்பா இந்தப் பக்கத்தை வெட்டி முடித்ததும் அவன் குறடை வாங்கிக்கொண்டு போய் மறுபக்க வேலியைத் தானே வெட்டினான்.

வழி திறந்தும் ஒரு மானும் நுழையவில்லை. விரட்டினால் திறப்பைக் கண்டு மிரண்டு, வேலியோரமாகவே ஓடி வேறிடத்தில் மோதின. அப்பா நம் உலர்புல் கட்டை அவிழ்த்துத் திறப்பு நெடுகத் தூவினார். "நம்ம ஆட்டுக்கே பத்தல, ஊரார் மானுக்கு விருந்தா?" என்று கத்தினேன். "இதுங்களுக்கு எந்த ஊரார் இருக்கான், சொல்லு" என்றார். மீதியை நானே தூவினேன். ஏழெட்டு மட்டும் தாண்டிப் போயின. அப்புறம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்து போய்ப் பார்த்தால் மற்றவை வேலியில் சாய்ந்தபடி நின்றவாக்கிலேயே விறைத்துச் செத்திருந்தன. சோயிஜில் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதான், எனக்கு அழவும் வரவில்லை.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ பேசினால் கொஞ்சம் சாப்பிடுவார். கையுறை இல்லாமல் வெளியே போகாதே. நாம் கும்பிடும் அந்த நீல வானம் உன்னைக் காக்கட்டும். அப்பா ஒன்று கேட்டு எழுதச் சொன்னார், மறந்துவிடாதே: வழி திறந்திருக்கிறது என்பதை ஒரு மானுக்கு எப்படிச் சொல்வது, அங்கே படித்தவர்கள் யாருக்காவது தெரியுமா?

இப்படிக்கு,
உன் அம்மா தொல்கோர்