கரன்ட் இல்லை என்ற டாக்டர்

கிராம்பு எண்ணெய் வாடை அடித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது, மச்சான். கடைவாய்ப்பல் வலி தாங்காமல் வைட்ஃபீல்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பலகையில் அந்தப் பெயர். அந்தக் காலத்தில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒற்றை அறையில் கடை விரித்திருந்த அதே பல் டாக்டர் மகான், இப்போது கண்ணாடிக் கதவும் மீன்தொட்டியுமாக இருக்கிறார். திரும்பி வந்திருக்கலாம். ஆள் மாறியிருக்கிறாரா, பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

அன்று லேத் பட்டறையிலிருந்து உன்னை அவரிடம் கூட்டிப்போனது நான்தான். உன் உதட்டிலும் கன்னத்தின் உட்புறமும் கொத்துக் கொத்தாக மருக்கள். சோறு மெல்லும்போது கடிபட்டு ரத்தம் வரும். ஆம்பூரில் உன் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டா பந்தலில் நிற்பது என்று நீ மருகினாய். எச்ஐவி இருப்பதை நீயாகவே அவரிடம் சொன்னாய். உடனே நாற்காலியிலிருந்து உன்னை எழுப்பி, வாசலில் நிற்கவைத்து, எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தார் அந்த வீரர்.

"கரன்ட் இல்லப்பா. இன்னொரு நாள் வாங்க."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "அப்போ ஃபேனை யாரு சார் ஊதுறாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தப் புண் வாயோடேயே சிரித்தாய்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உன்னை நாற்காலியிலேயே உட்காரவைத்தார். "இது வைரஸால வர்ற மரு. உடம்புல எதிர்ப்பு கொறஞ்சா இப்படிப் படரும்" என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டு எடுத்தார். "திரும்ப வரும். வந்தா நீங்களும் திரும்ப வாங்க." பந்தலில் கைக்குட்டை இல்லாமல் நின்றாய். மரு மறுபடி வந்தது, நீயும் மறுபடி போனாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது காசநோய்.

இன்று அந்த மகான் தேன் ஒழுகக் கேட்டார்: "வேற ஏதாவது வியாதி இருக்கா சார்?"

"எச்ஐவி இருக்கு சார்" என்றேன். எனக்கு இல்லை. என்ன சொல்வார் என்று கேட்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

நீட்டிய கை அப்படியே பின்னால் போனது. முகத்துக்கு மேலே விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது. "மெஷின் ரிப்பேர் சார், இன்னொரு நாள் வாங்களேன்" என்றார். இத்தனை வருடத்தில் கரன்ட் மெஷினானதுதான் மிச்சம்; பொய் அதே பொய்.

பல் இன்னும் வலிக்கிறது, மச்சான். ஆனாலும் அந்த மீன்தொட்டி பக்கத்தில் நின்று, உள்நாக்குத் தெரிய, உன்னை மாதிரியே சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.